அடைப்புக்குறிக்குள் வெண்ணிலா

உறுவையாற்றில் சுப்பராயலுவைத் தெரியாதவர்கள் குறைவு. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவு செய்யும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பிள்ளை பிறந்த வீட்டுக்காரரும் சாவு விழுந்த வீட்டுக்காரரும் அவருடைய மேசைக்குத்தான் வந்தாக வேண்டும். அதனாலோ என்னவோ, எதிரே வருகிறவரின் பெயரைவிடப் பிறந்த தேதிதான் அவருக்கு முதலில் நினைவுக்கு வரும். பிள்ளை இல்லை. மனைவி ஜோதிலட்சுமி, ஒரு பசுமாடு, அண்ணன் தங்கவேலுவோடு பொதுவில் இருந்த கரும்புக் கொல்லை. ஓய்வுக்குப் பிறகு அவ்வளவுதான் அவருடைய உலகம்.

பிரான்சில் குடியேறிவிட்ட பங்காளி ஒருவர் ஊருக்கு வந்திருந்தபோது, வம்சாவளி எழுதி வைக்கும் மென்பொருள் ஒன்றை அவருடைய மடிக்கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவர் பெயரைத் தட்டினால் தாய் தகப்பன், பெண்டாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கிளை கிளையாக விரியும். ஒவ்வொருவருக்கும் கீழே குறிப்பு எழுத இடம் உண்டு. சுப்பராயலு அதில் அப்படியே விழுந்துவிட்டார். கரியமாணிக்கத்துக்கும் பாகூருக்கும் பஸ் ஏறிப் போய்ப் பங்காளிகளிடம் கேட்டுக் கேட்டு வந்து தட்டினார். பிறந்த ஊரும் இருக்கும் விலாசமும் இல்லாத பதிவு அவருக்குப் பதிவே இல்லை.

ஒரே ஒரு பெயரில்தான் சிக்கல். தங்கவேலு, கலியம்மாள் தம்பதியின் மகள் வெண்ணிலா, பூரணாங்குப்பத்து மீனவர் வீட்டுப் பையன் பாக்யராஜை விரும்பி வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பிப் போனவள். போன மறுநாளே தங்கவேலு தலை முழுகினார். அவளுடைய அண்ணன் தமிழ்க்குமரன் அத்தோடு விடவில்லை. ஆட்களோடு பூரணாங்குப்பம் போய், பாக்யராஜ் வீட்டுக் கதவை உடைத்து, வலையைக் கொளுத்திவிட்டு வந்தான். பெரியவர்கள் பேசி வழக்கில்லாமல் முடித்தார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் தமிழ்க்குமரன் ஒன்றுதான் சொன்னான்.

"எங்க இருந்தாலும் ஒரு நாளு தெரியும். தெரியிற அன்னிக்கு நான் பேச மாட்டேன்."

அதற்குப் பிறகு அவன் தங்கையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சினான், கல்யாணம் பண்ணிக்கொண்டான், சித்தப்பாவுக்கு மருந்து வாங்கி வந்து கொடுத்தான். அவன் கத்திக்கொண்டிருந்தபோது வராத பயம், அவன் அமைதியாக இருக்கும்போது சுப்பராயலுவுக்கு வந்தது.

வம்சாவளியில் அவள் பெயரே இருக்கக் கூடாது என்று தங்கவேலு சொல்லிவிட்டார். அழிப்பதற்கான பொத்தானை அழுத்தியபோது, இந்த நபரை நீக்கவா என்று கணினி கேட்டது. உயிரோடு இருக்கிற பிள்ளையை எப்படி நீக்குவது? இல்லை என்று அழுத்திவிட்டு, அண்ணனிடம் "எடுத்துட்டேண்ணே" என்றார்.

வெண்ணிலா எப்போதாவது அவருக்குப் போன் செய்வாள். காரைக்காலில் இருந்தார்கள். பாக்யராஜ் மீன் பிடிப்பதை விட்டுவிட்டு ஐஸ் பேக்டரியில் வேலைக்குப் போனான். பெண் குழந்தை பிறந்த சேதியையும் அவருக்குத்தான் முதலில் சொன்னாள்.

"அம்மா பேர்லயே பாதி வெச்சிருக்கோம் சித்தப்பா. கலியரசி. உன் கம்ப்யூட்டர்ல எம் பொண்ணையும் எழுதிடு. அதுலயாவது அவ நம்ம வூட்டுல இருக்கட்டும்."

எழுதினார். அந்த மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. அமைப்புகளில் ஒரு டிக் போட்டுவிட்டு, குறிப்பில் எதையாவது இரட்டை அடைப்புக்குறிக்குள் வைத்தால், அது திரையில் தெரியும், அச்சில் வராது. வெண்ணிலாவைத் தனி நபராக வைத்திருந்ததை மாற்றி, தங்கவேலுவின் பக்கத்துக் குறிப்பில் அடைப்புக்குறிக்குள் வைத்தார். மகள் பெயர், மருமகன் பெயர், பேத்தியின் பிறந்த தேதி, ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் இருக்கும் தெரு, வீட்டு எண், எல்லாமே.

குலதெய்வம் அய்யனாருக்கு ஆடியில் பொங்கல் வைக்க முடிவானபோது, வம்சாவளியைப் புத்தகமாகப் போட்டுப் பங்காளிகள் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. மாதிரிக்கு எடுத்த பக்கங்களைப் பார்த்து ஆளுக்கொரு குறை சொன்னார்கள். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது என்றார் பங்காளி கலியபெருமாள். தேதியில் மாதம் முன்னால் வருகிறது என்றார் இன்னொருவர். செத்தவர்கள் பெயருக்கு முன்னால் அமரர் என்று வர வேண்டும் என்றார் தங்கவேலு.

சுப்பராயலு எழுத்து அமைப்புகளுக்கான பக்கத்தைத் திறந்தார். பெயர் தடித்த எழுத்தில், குறிப்பு சாய்ந்த எழுத்தில், தேதியில் நாள் முன்னால், இறந்தவருக்கு முன்னொட்டு என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தார். தமிழ் எழுத்துருவை மாற்றியதும் எல்லாப் பெயரும் கட்டம் கட்டமாக உடைந்துபோயின. பதறிவிட்டார். பக்கத்தின் மூலையில், எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினார். எழுத்துகள் உயிரோடு திரும்பி வந்தன. நிம்மதியாகக் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அளவு, தடிமன், தேதி, அமரர் எல்லாவற்றையும் மறுபடி அமைத்தார்.

அந்தப் பக்கத்தை இன்னும் கீழே தள்ளினால்தான் தெரியும் இடத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பதை அச்சில் தவிர்க்கவும் என்று அதில் அவர் எப்போதோ போட்டிருந்த டிக், மற்றவற்றோடு சேர்ந்து அழிந்துபோயிருந்தது. முதல் சில பக்கங்களைச் சரிபார்த்தார். அவை மூதாதையர் பக்கங்கள். அழகாக இருந்தன. கோப்பை வில்லியனூர் அச்சகத்துக்கு அனுப்பினார்.

புத்தகக் கட்டை வாங்கி வந்தவன் தமிழ்க்குமரன். "உனக்குத்தான் முட்டி வலியாச்சே சித்தப்பா, நான் போறேன்" என்று அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. முதல் நாள் சாயங்காலம் வாங்கியவன், கட்டைச் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டு வராமல் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டான். களைத்துப் போயிருப்பான் என்று சுப்பராயலு நினைத்தார்.

காலையில் அய்யனார் கோயிலில் பொங்கல் பானைகள் ஏறிவிட்டன. தமிழ்க்குமரன் கட்டோடு வந்து இறங்கினான். காரில் அவனுடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்களிடம் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுச் சித்தப்பாவிடம் வந்தான்.

"எழுத்து நல்லா பெருசா இருக்குது சித்தப்பா. கண்ணாடியே வேணாம்."

"அப்படியாடா? நல்லா வந்திருக்குதா?"

"எல்லா வெவரமும் போட்டுட்ட. ஒண்ணு விடல." அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். "டீசல் போட்டுட்டு வந்துர்றேன்."

கார் போன பிறகும் சுப்பராயலு சந்தோஷமாகத்தான் இருந்தார். படையல் போட நேரமானது. அவன் வரவில்லை. வேப்பமரத்தடியில் கலியபெருமாள் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குடும்பத்தின் பெயர் வரும்போதும் அந்த வீட்டார் சிரித்தார்கள், பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"தங்கவேலு. மனைவி கலியம்மாள். மகன் தமிழ்க்குமரன். மகள் வெண்ணிலா, மருமகன் பாக்யராஜ், காரைக்கால்..."

அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பானை பொங்கி அடுப்பில் வழிந்து சீறியது. யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

சுப்பராயலு புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். சாய்ந்த எழுத்தில், பெரிதாக, தெருவும் வீட்டு எண்ணும் அப்படியே இருந்தன. அடைப்புக்குறிகளை மட்டும் கணினி எடுத்துவிட்டிருந்தது. டீசல் போடப் போன கார் எங்கே போகிறது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

வெண்ணிலாவுக்குப் போன் செய்தார். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. அண்ணனிடம் ஓடினார்.

"அண்ணே, அவன் காரைக்கால் போறான். கூப்புடு அவன. திரும்பி வரச் சொல்லு."

தங்கவேலு கோயில் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எடுத்துட்டேன்னு சொன்ன."

"தப்புதான். அத அப்பறம் பேசலாம். இப்ப அவனக் கூப்புடுண்ணே."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் பொண்ணே இல்லியே."

கலியம்மாள் அதுவரை புத்தகத்தின் அந்த ஒரு வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றாள். பேத்தியின் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தவள், புருஷனின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகனை அழைத்தாள்.

"டேய் குமாரு, அம்மா பேசறேன்டா. வண்டியத் திருப்புடா. அங்க ஒரு கொயந்த இருக்குதுடா, எம் பேரு வெச்சிருக்குறாங்கடா..."

மறுமுனையில் அவன் என்ன சொன்னான் என்று யாருக்கும் கேட்கவில்லை. போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தபோது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கலியம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

சுப்பராயலு கோயிலுக்குப் பின்னால் போய் நின்று போலீசுக்குப் போன் போட்டார். எடுத்தவர் யார் மேல் புகார் என்று கேட்டார். பிறந்த அன்று சுப்பராயலுவே கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்த பிள்ளை. கொள்ளி போடப் பிள்ளை இல்லாத சித்தப்பாவுக்கு நான் இருக்கிறேன் என்று சொன்ன பிள்ளை.

"ஹலோ, பேர் சொல்லுங்க சார்."

"தமிழ்க்குமரன். தகப்பனார் பேரு தங்கவேலு. உறுவையாறு." வண்டி எண்ணையும் நிறத்தையும் காரைக்கால் விலாசத்தையும் சொன்னார். "நான் அவனோட சித்தப்பா. எழுதிக்குங்க."

அதற்குப் பிறகும் வெண்ணிலாவை அழைத்துக்கொண்டே இருந்தார். வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில்தான் எடுத்தாள். ரேஷன் கடை வரிசையில் இருந்தாளாம். போன் வீட்டில் கிடந்ததாம்.

"கொயந்தயத் தூக்கினு கெளம்பும்மா. துணி மணி ஒண்ணும் எடுக்காத. அவனுக்கு வூடு தெரிஞ்சுபோச்சு. வந்துனு இருக்கான்."

"எப்டி சித்தப்பா தெரிஞ்சுச்சு? ஒனக்கு மட்டுந்தான தெரியும்?"

"என்னாலதாம்மா."

குழந்தையைக் கூப்பிடுகிற குரல் கேட்டது. போன் அடங்கியது.

சாயங்காலம் காரைக்காலிலிருந்து ஒரு காவலர் பேசினார். பூட்டியிருந்த வீட்டின் கதவு உடைந்து கிடக்கிறது, சட்டி பானையிலிருந்து குழந்தையின் தொட்டில் வரை ஒன்றும் மிச்சமில்லை, மூன்று பேரைத் தெருக்கோடியில் பிடித்தோம் என்றார். காரில் கரும்பு வெட்டும் கத்திகள் இருந்தன. கரும்பு வைத்திருக்கிறவன் வண்டியில் கத்தி இல்லாமல் வேறு என்ன இருக்கும் என்று தமிழ்க்குமரன் கேட்டானாம். வெண்ணிலாவின் தரப்பிலிருந்து புகார் கொடுக்க யாரும் வரவில்லை. கதவை உடைத்ததற்கு ஒரு வழக்குப் போட்டு ஜாமீனில் விட்டார்கள். வெண்ணிலாவும் புருஷனும் எந்தப் பக்கம் போனார்கள் என்று அக்கம்பக்கத்தாருக்கும் தெரியவில்லை. அவளுடைய பழைய எண் அன்றோடு வேலை செய்யவில்லை.

சொந்த ரத்தத்தைப் போலீசில் காட்டிக் கொடுத்தவர் என்று பங்காளிகள் சுப்பராயலுவை ஒதுக்கினார்கள். கரும்புக் கொல்லைக்கு நடுவில் அண்ணன் வேலி போட்டார். கலியம்மாளை யாரும் வெளியே பார்ப்பதில்லை. ஜோதிலட்சுமி பொழுது சாய்வதற்குள் மாட்டைக் கட்டி, கதவைத் தாழிட்டுவிடுகிறாள். சுப்பராயலு அந்த மென்பொருளையே கணினியிலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் புத்தகங்கள் பங்காளிகள் வீடுகளில் இருக்கின்றன. அவற்றைத் திரும்பக் கேட்கப் போனபோது, யாரும் கொடுக்கவில்லை.

தமிழ்க்குமரன் திரும்பி வந்த பிறகு சித்தப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டுக்கு எதிரே இருக்கும் வாய்க்கால் மதகில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். தினமும் வருகிறான். போன் நோண்டுகிறான், போகிற வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுகிறான். ஒரு தடவை மட்டும், பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய சுப்பராயலுவை நிறுத்திக் கேட்டான்.

"அடுத்த புக்கு எப்ப போடப் போற சித்தப்பா?"

அவர் வீட்டைப் பார்த்து நடந்தார்.

"சும்மா கேட்டேன். நானும் வெய்ட் பண்றேன்."

தை பிறந்த பிறகு, ஒரு மத்தியானம் சுப்பராயலு வாசலில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தார். முதலில் மூச்சுச் சத்தம். பிறகு, யாரோ பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுக்க, ஒரு சின்னக் குரல் தடுமாறித் தடுமாறிச் சொன்னது.

"தாத்தா... நல்லா இருக்கியா?"

மதகில் உட்கார்ந்திருந்த தமிழ்க்குமரன் கையிலிருந்த போனைத் தாழ்த்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

குழந்தை இன்னொரு தடவை கூப்பிட்டது. தெருவுக்கே கேட்கிற மாதிரி அவர் கத்தினார்.

"ராங் நம்பர்மா! இங்க அப்டி யாரும் இல்ல. இனிமே இந்த நம்பருக்குப் போடாத!"

போனை வைத்துவிட்டு, அந்த எண்ணை அழித்தார். வைக்கோலை உதறத் தொடங்கினார். தமிழ்க்குமரன் மதகிலிருந்து எழுந்து, பேண்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அவரைப் பார்த்து நடந்து வந்தான்.