உப்பில்லாத தண்ணீர்

அலுவலகத்தில் அவருக்குத் ‘தண்ணிக்காரர்’ என்று பெயர். குடிகாரர் என்று நினைத்துவிட வேண்டாம். டீயைக்கூடப் பாதியில் வைத்துவிடுகிற ஆள். எண்ணெய் தேடித் துளையிட்ட கிணற்றுக்குள் கம்பியில் கருவியை இறக்கி, பாறைகளின் குணத்தைக் கோடுகோடாகப் பதிந்து எடுத்து வருவார்கள். அந்த நீளக் காகிதத்தை விரித்து, எந்த ஆழத்தில் எண்ணெய், எந்த ஆழத்தில் தண்ணீர் என்று சொல்வது அவர் வேலை. இருபத்தாறு வருடத்தில் பெரும்பாலும் தண்ணீர் என்றுதான் சொன்னார். ஒன்றுகூடத் தப்பியதில்லை. எதிர் மேசையில் உட்கார்ந்து வரைபடம் போடுகிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவையாவது எண்ணெய் என்று சொல்லித் தொலைத்தால் என்ன?

கடைசிக் கிணற்றில் சொன்னார்.

அதற்கு முந்தைய நான்கும் வீணாகிவிட்டன. இதுவும் போனால் எல்லாவற்றையும் மூடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. எங்கள் எல்லோருடைய வேலையும் போய்விடும். அவருக்கோ இன்னொரு கவலையும் இருந்தது. அவர் மச்சினன், மனைவியின் தம்பி, கிணறு துளைக்கிற அந்த ரிக்கில்தான் வேலை பார்த்தான். மாமா பேச்சை நம்பிக் குடும்பத்தோடு வந்தவன். வேறொரு கம்பெனி அவனைக் கூப்பிட்டிருந்தது. கோடுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாக இருந்தான்.

காகிதம் வந்த அன்று தண்ணிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உப்புத் தண்ணீர் ஊறிய பாறையில் மின்சாரம் சுலபமாக ஓடும். எண்ணெய் இருந்தால் ஓடாது. முப்பதடி மணற்பாறையில் ஓடவே இல்லை. ஆனால் உப்பில்லாத தண்ணீரிலும் அது சரியாக ஓடாது. அதைக் காட்டிக்கொடுக்க இடது ஓரத்தில் தனிக் கோடு ஒன்று உண்டு. உப்புத் தண்ணீர் என்றால் அது இடப்பக்கம் வளையும், உப்பில்லாவிட்டால் வலப்பக்கம். இந்தப் பாறையில் வலப்பக்கம் வளைந்திருந்தது. எனக்கே தெரிந்தது, கேட்டேன். எர்த் கம்பியைச் சரியாகப் பதித்திருக்க மாட்டார்கள் என்று வாயை அடைத்தார். பக்கத்துக் கிணற்றின் உப்பு அளவை எடுத்துக் கணக்கில் போட்டார். எண்பது சதவீதம் எண்ணெய் என்று வந்தது. வராமல் என்ன செய்யும்?

மச்சினன் அந்தக் கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

சோதனைக்காகக் குழாயைத் திறந்தபோது எல்லோரும் போய் நின்றோம். முதலில் சேறு வந்தது, பிறகு தண்ணீர். மதியம் வரைக்கும் தண்ணீர்தான். மச்சினன் கையுறையைக் கழற்றி, கொஞ்சம் ஏந்தி நாக்கில் வைத்துத் துப்பினான்.

“மாமா, உப்பே இல்ல. உங்களுக்குத் தெரியாமலா இருந்துச்சு?”

“தெரிஞ்சுது. தண்ணின்னு எழுத இந்தத் தடவை கை வரல.”

அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கையுறையை மாட்டிக்கொண்டு வால்வை மூடப் போய்விட்டான்.

பத்து நாளில் ரிக்கைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். அந்தக் கம்பெனியில் அவனுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு ஊரைவிட்டுப் போனான். கடைசி நாள், மேசையைக் காலி செய்துகொண்டிருந்த அவரைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. இத்தனை வருடம் திட்டிய வாயால் ஆறுதல் சொன்னேன்.

“நீங்க தண்ணின்னு எழுதியிருந்தாலும் மூடித்தான் இருப்பாங்க.”

“மூடியிருப்பாங்க. அவன் அந்த வேலைக்குப் போயிருப்பான்.”

அந்தக் கிணற்றின் காகிதத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு என்னிடம் நீட்டினார். அதை வைக்க அங்கே அலமாரி எதுவும் மிச்சமில்லை.