அம்மாவைத் தூக்கப் பழகியது

அந்த மஞ்சள் ரப்பர் பட்டையை எனக்காகக் கொடுக்கவில்லை, அம்மாவுக்காகக் கொடுத்தார்கள். வாதம் அடித்து இடது கையும் காலும் விழுந்துபோன பிறகு, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்த பெண் அதை அம்மாவின் வலது கையில் சுற்றிவிட்டு, "தினமும் இழுத்துப் பழகுங்கம்மா" என்றார். அம்மா இரண்டு நாள் இழுத்தாள். மூன்றாம் நாள் அது கட்டில் காலில் தொங்கிக்கொண்டிருந்தது. "இத்த நீயே எடுத்துக்கிட்டுப் போ, எனக்கு ஆவாது" என்று குழறிய பேச்சில் சொல்லிவிட்டாள். அவளோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது. பையில் போட்டுக்கொண்டு ஓசூருக்கு வந்துவிட்டேன்.

நான் வேலை செய்வது செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில். தங்குவது கம்பெனி ஹாஸ்டலில், ஓர் அறைக்கு ஆறு பேர். எட்டு மணி நேரம் இடுக்கியால் அரிசிமணியைவிடச் சின்ன திருகாணிகளை எடுத்து வைப்பேன். மூன்று வருடமாக இந்தக் கைகள் தூக்கிய பெரிய கனம் சாப்பாட்டுத் தட்டுதான். ஊரில் அப்பாவுக்குக் குடலிறக்கம், கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். பக்கத்து வீட்டு அக்கா காலையும் மாலையும் வந்து அப்பாவோடு சேர்ந்து அம்மாவை ஒண்ணுக்கு ரெண்டுக்கு உட்காரவைப்பார். நடுவில் வந்தால் அம்மா அடக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லீவு சேர்த்து எடுத்து எங்கள் ஊர் பாரூருக்குப் போவேன். அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டாள்: "ஈரத்துணில தொடச்சித் தொடச்சி மேலெல்லாம் நாறுது கண்ணு. ஒரு நாளு கல்லு மேல ஒக்கார வச்சி தலைக்கு ஊத்தி விடு."

துவைக்கிற கல் கொல்லையில் இருக்கிறது. கட்டிலிலிருந்து இருபது அடிகூட இருக்காது. அன்றைக்கு யாரையும் கூப்பிடாமல் நானே தூக்கப் பார்த்தேன். வாசற்படி தாண்டுவதற்குள் கை நழுவி, இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம். அடியொன்றும் படவில்லை. அக்கா வரும்வரை என் மடியில் தலை வைத்து அம்மா படுத்திருந்தாள், "நான் கனம் ஜாஸ்தி, நீ என்ன பண்ணுவ" என்று எனக்கே சமாதானம் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்றவளை இருபது அடி தூக்கிப்போக வக்கில்லாத இந்தக் கைகள் எதற்கு என்று இருந்தது.

ஹாஸ்டலில் ஜிம் கிடையாது. ஜன்னல் கம்பியில் எதையும் கட்டக்கூடாது என்று வார்டன் உத்தரவு. துணி காயப்போடவே அனுமதி இல்லாத இடத்தில் ரப்பரைக் கட்டவா விடுவார்? அதனால் இரும்புக் கட்டிலின் காலில் கட்டினேன். இழுத்தால் கட்டில் கூடவே வந்தது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எனக்கு மேல்தட்டில் படுப்பவள். "எக்கா, எதுக்கு இந்த ரப்பர் கூட மல்லுக்கட்டுதிய?" என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திக் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு காலை ஷிப்டு முடிந்து வந்த சாயங்காலங்களில் எல்லாம் அவள்தான் என் பாரம். போனைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் அஞ்சு, இன்னும் அஞ்சு" என்று எண்ணுவாள். பட்டையை மிதித்துக்கொண்டு குந்தி எழுவேன், கட்டில் காலில் மாட்டி இடுப்பை நோக்கி இழுப்பேன்.

மஞ்சள் ஒரு மாதத்தில் சுலபமாகிவிட்டது. ஆன்லைனில் சிவப்பு வாங்கினேன், பிறகு பச்சை. நிறம் மாற மாற ரப்பர் தடிமனாகும். பச்சையில் முதல் வாரம் முடி பின்னக்கூடக் கை தூக்க முடியவில்லை. ஒருமுறை அது நழுவி வந்து கன்னத்தில் அறைந்து, வரி வரியாக வீங்கிய முகத்தோடு வேலைக்குப் போனேன். லைனில் கேட்டவர்களிடம் அம்மா அடித்துவிட்டாள் என்றேன்.

பலன் ஊரில் தெரிந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் அம்மாவைத் தூக்குவது முந்தைய முறையைவிட எளிதாக இருந்தது. முதலில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, பிறகு வாசல்வரை. "கஷ்டமா இருக்குதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "இல்லம்மா, லேசா இருக்க" என்பேன். பெருமைக்குத்தான் சொன்னேன். அதைக் கேட்டதும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும், கோணிய வாயின் நல்ல பக்கம் மட்டும் சிரிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே அடுத்த முறை இன்னும் கூட்டிச் சொன்னேன். "பூ மாதிரி இருக்கம்மா."

பட்டையில் பழகத் தொடங்கிய எட்டாம் மாதம் கல்லுக்குத் தூக்கிப் போனேன். ஒரே மூச்சில், எங்கும் நிற்காமல். சீயக்காய் தேய்த்து வெந்நீர் ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு சொம்பு, இன்னொரு சொம்பு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்டா காலியாகும்வரை ஊற்றினேன். எலும்பு தெரிகிறதே என்று நினைத்தேன்தான். படுத்தே கிடந்தால் சதை வற்றத்தானே செய்யும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அன்று அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று பஸ்ஸில் வரும்போது அழுகையே வந்துவிட்டது.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை பார்க்க வேண்டும் என்றார் நர்ஸ். அம்மாவால் நிற்க முடியாதே என்றேன். "நீங்க தூக்கிக்கிட்டு மெஷின்ல ஏறுங்க. அப்புறம் உங்க வெயிட்டைக் கழிச்சிக்கலாம்." வரிசையில் இருந்தவர்கள் பார்க்க, அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். எனக்குக் கர்வமாகவே இருந்தது. எண்பத்தொன்பது. அம்மாவை இறக்கிவிட்டு நான் மட்டும் ஏறினேன். ஐம்பத்தொன்று. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்த அதே ஐம்பத்தொன்று.

நர்ஸ் பழைய சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "போன தடவ அம்பத்தேழு இருந்திருக்காங்க. இப்ப முப்பத்தெட்டு. சாப்பிடறாங்களா இல்லையா?"

"நல்லா சாப்பிடறாங்க, ரெண்டு தட்டு..." என்று நான் ஆரம்பித்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ வர்ற அன்னிக்குத்தாம்மா சாப்பிடறா. மத்த நாளு ரெண்டு வாய்க்கு மேல வாங்க மாட்டேங்கறா. தண்ணிகூட மொடக்குதான். சாப்ட்டா வெளிக்கு வரும், தூக்க ஆளுக்கு எங்க போறதுங்கறா. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எம்மேல சத்தியம் வாங்கிட்டா."

நான் அம்மாவைப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மாட்டிக்கொண்ட முகமே இல்லை. "நீதான சொன்ன, லேசா இருக்கேன்னு" என்றாள். கோணிய வாயின் நல்ல பக்கம் சிரித்தது.

அன்று வீட்டுக்கு வந்து திட்டினேன், கெஞ்சினேன், தட்டைத் தூக்கி எறிந்தேன். "சாப்பிடறேன், சாப்பிடறேன்" என்றாள். வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றால் அப்பா மருந்துச் சீட்டை எடுத்துப் பார்க்கிறார். மருந்தும் அடுப்பும் என் சம்பளத்தில் ஓடுகின்றன என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தினமும் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்கிறேன், ஆச்சு என்கிறாள். அது பொய் என்று ஊருக்குப் போய்த் தூக்கும்போது என் கைக்குத் தெரிந்துவிடுகிறது. பச்சைப் பட்டை கட்டில் காலில் அப்படியே கிடக்கிறது. இப்போது அம்மாவைத் தூக்க மஞ்சளின் பலமே போதும்.

போன ஞாயிறும் தூக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வழக்கம்போலக் கேட்டாள், "கஷ்டமா இருக்குதா கண்ணு?"

ஆமாம் என்றால் சாப்பாட்டை இன்னும் குறைத்துக்கொள்வாள். இல்லை என்றால் பலன் தெரிகிறது என்று சந்தோஷப்படுவாள். கல்வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தேன்.