மனைவி எடைக்குப் பெட்ரோல்

அந்தச் சின்ன விமானத்தளத்தில் இருபத்தாறு வருடமாகப் பெட்ரோல் ஊற்றுகிறவருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'கொசுறு'. விமானி கேட்ட அளவை ஊற்றிவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கட்டுமா?" என்று கெஞ்சாமல் ஏணியை விட்டு இறங்க மாட்டார். மலைக்கு அப்பால் இருக்கிற அடுத்த தளம் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். அங்கே ஒரு தகரக் கொட்டகைதான். சொட்டுப் பெட்ரோல் கிடையாது. போகவும் வரவும் இங்கிருந்தே ஊற்றியாக வேண்டும்.

அன்றைக்குக் காலையில் அதிலேதான் வந்தது வினை. அந்தப் பக்கம் பிரசவமான அவர் மகள், இருபது நாள் குழந்தையோடு வருகிறாள். அவளைக் கூட்டிவர அவர் மனைவி மூட்டையும் முடிச்சுமாகக் கிளம்பி நின்றாள். கொசுறோ மலைமேல் திரளும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூறு லிட்டர் கூடப் போடணும்," என்றார்.

"எடை தாங்காது. ஒண்ணு அம்மா ஏறணும், இல்ல பெட்ரோல் ஏறணும்," என்றார் விமானி.

"பெட்ரோலே ஏறட்டும்."

அந்த அம்மாளின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "பெத்தவளை விட்டுட்டுப் பெட்ரோலை அனுப்புற ஆளை எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று விமானியிடம் கேட்டுவிட்டு, மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். புருஷனோடு பேச்சு நின்றது. விமானம் அவள் இல்லாமலே, நூறு லிட்டர் கூடுதலோடு கிளம்பிப் போனது.

பத்து மணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஃபோன் வந்தது. மகளும் குழந்தையும் ஏறியாயிற்று, விமானம் கிளம்பியாயிற்று. பத்து ஐம்பதுக்கு வர வேண்டும். வரவில்லை. பதினொன்றுக்கு மலை முழுக்க மேகம் மூடிக்கொண்டது. ரேடியோவில் வெறும் கரகரப்பு. பதினொன்றரைக்குக் கொசுறுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எத்தனை லிட்டர் தீர்ந்திருக்கும் என்று மனக்கணக்குப் போட்டார், பயந்துபோய் மறுபடி முதலிலிருந்து போட்டார். பேச மாட்டேன் என்றிருந்தவள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துடுவாங்கல்ல?"

அவர் மறுபடி லிட்டரை எண்ண ஆரம்பித்தார்.

பதினொன்று நாற்பதுக்கு, யாரும் பார்த்துக்கொண்டிராத திசையிலிருந்து, மலையையே சுற்றிக்கொண்டு வந்து இறங்கியது விமானம். அப்பாடா! அந்த அம்மாள் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

கொசுறு ஓடியது ஏணியை எடுக்க. இரண்டு இறக்கையிலும் ஏறி, அளவுக்குச்சியை டேங்குக்குள் விட்டுப் பார்த்தார்.

"அப்பா! பேத்தியைப் பாக்காம அங்க என்ன பண்றீங்க?" என்று மகள் கத்தினாள்.

மெதுவாக இறங்கி வந்தார். கடைசிப் படியில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதார்.

"எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"தொண்ணூறு லிட்டர்."

"நிறைய இருக்கே! அப்புறம் எதுக்கு அழறீங்க?"

"வழக்கமா ஊத்துறது பூராத் தீந்துபோச்சு. கூடப் போட்ட நூறுலயும் பத்து போயிருக்கு."

அவள் மேகம் மூடிய அந்த மலையைப் பார்த்தாள். பிறகு பேத்தியை மெல்ல அவர் மடியில் வைத்தாள்.

"இனிமே எப்பவும் என் சீட்டுல பெட்ரோலே போகட்டும்," என்றாள்.