பதின்மூன்றாம் இலக்கச் சட்டை

கோச்சர் கொளுவி வைத்த சட்டையைக் கழற்றிவிட்டு, அதே கொளுக்கியில் என் மனைவியின் தம்பியுடைய சட்டையைக் கொளுவியவன் நான். கழற்றியது பச்சைச் சட்டை, பதின்மூன்றாம் இலக்கம். அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். சென்ற ஆண்டுவரை, முப்பத்தைந்து ஆண்டுகள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் பயிற்றுநரைக் கோச்சர் என்றுதான் அழைப்போம், ஆஸ்திரியாக்காரர். போருக்குப் பிந்தைய வியன்னாவில் இடிந்த கட்டடங்களுக்கிடையே பந்தடித்து வளர்ந்தவர். பெரிய கழகமொன்றில் பின்கள வீரராக ஆடி, முழங்கால் உடைந்தபின் சிறு நகரக் குழுக்களைப் பயிற்றி, கடைசியில் மொன்றியல் துறைமுகத்துப் பண்டகசாலை ஒன்றில் மேற்பார்வையாளரானார். அங்கே நான் அவருக்குக் கீழே எழுதுவினைஞன். மொன்றியலின் லாசால் பகுதியில் யாழ்ப்பாணத்தார் நாங்கள் தொடங்கிய உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான் செயலாளராகவும் இருந்ததால் அவரை அழைத்தேன். மறுக்காமல் வந்தார். அவருடைய பிரெஞ்சை எங்கள் ஆட்களுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலையாயிற்று.

ஆட்ட நாளில் அவர் பெயர்ப்பட்டியல் வாசிப்பதில்லை. எல்லாருக்கும் முன்னதாக வந்து, உடைமாற்றும் அறையில் பதினொரு சட்டைகளைக் கொளுவிவிட்டு மைதானத்தைப் பார்க்கப் போய்விடுவார். தன் இலக்கம் தொங்கினால் ஆடலாம், இல்லையென்றால் மாற்று வீரராக வாங்கில் இருக்க வேண்டும். காரணத்தை ஒருமுறை காரில் சொன்னார். இருபத்திரண்டு வயதில் அவருக்கென்று முடிவாகியிருந்த இடம், நிர்வாகி ஒருவர் பயிற்றுநரின் காதில் ஏதோ சொன்னதும் அந்த நிர்வாகியின் மருமகனுக்குப் போயிற்றாம். அதனால்தான் தன் குழுவில் யாரும் யார் காதிலும் ஓதுவதற்கு இடம் வைக்கவில்லை என்றார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இறுதியாட்டத்துக்கு ரொறொன்ரோவிலிருந்து மனைவியின் உறவினர் இரண்டு வான் வண்டிகளில் வந்திருந்தார்கள். தம்பி வாங்கில் இருந்தால் தன் முகத்தை எங்கே வைப்பது என்று மனைவி காலையிலேயே கேட்டிருந்தாள். கோல்கீப்பர் இடத்தில் தொங்கியதோ மட்டக்களப்பிலிருந்து புதிதாக வந்தவருடைய பதின்மூன்றாம் இலக்கச் சட்டை. மைத்துனரைவிட அவர் திறமையானவர் என்பது எனக்கும் தெரியும். பிரெஞ்சும் ஆங்கிலமும் அவருக்குத் தெரியாது என்பதும் தெரியும்.

அவருக்கு வயிற்றுவலி, தானே விலகிவிட்டார் என்று கோச்சரிடம் சொன்னேன். கோச்சரின் முடிவு இதுதான் என்று மட்டக்களப்புக்காரரிடம் சொன்னேன். அவர் கொளுக்கியைப் பார்த்தார்.

“கோச்சரும் யாழ்ப்பாணத்தாராகிட்டார் போல,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது உள்ளே வந்த கோச்சர், அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். வாழ்த்துகிறார் என்றேன்.

வென்றோம். மட்டக்களப்புக்காரர் அதன்பின் கழகத்துப் பக்கம் வரவில்லை. கோச்சர் பல வாரம் அவரை விசாரித்தார், பிறகு விட்டுவிட்டார்.

சென்ற இலையுதிர்காலத்தில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் முதியோர் இல்லமொன்றில் இருக்கும் கோச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தொண்ணூற்று நான்கு வயதிலும் அவருக்கு ஞாபகம் பிசகவில்லை. “அந்த மனிதன் இவ்வளவு காலமும் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பான்?” என்று மட்டும் கேட்டார்.

மட்டக்களப்புக்காரரைத் தேட நான் அலையவில்லை. அவர் லாசாலிலேயே, என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தார். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வந்தவரை வாசலில் மறித்துச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

“இத்தனை வருசமும் அந்த மனிசனையெல்லோ ஏசித் திரிஞ்சன்,” என்றார். “உசிரோட இருக்காரா?”

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைக் காரில் கூட்டிப்போனேன். கோச்சரின் அறை வாசலில், வழக்கம்போல மொழிபெயர்க்க நானும் உள்ளே போகக் காலெடுத்தேன். அவர் கையை நீட்டி என்னை மறித்தார்.

“நீங்க வெளியில நில்லுங்க. எனக்கு இப்ப பிரெஞ்சு வரும்.”

கதவு சாத்தப்பட்டது. அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஒருமுறை கோச்சர் உரக்கச் சிரித்தது மட்டும் கேட்டது. வெளியே வந்தவர் என்னோடு காரில் ஏறவில்லை, பஸ்ஸில் போனார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவர் அங்கே போகிறார் என்று இல்லத்துத் தாதி சொன்னாள். நான் செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன்.