வரைபடத்தில் இல்லாத நெல்

நாட்குறிப்பில் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் எழுதுவேன். அந்தப் புரட்டாசி நாளின் காலைக் குறிப்பு இது: "குறுவை நெல் காயப்போட்டது. இருபது மூட்டை. மதகிலிருந்து அறுபது தப்படி நீளம், பத்தடி அகலம். கல் நாற்பத்தாறு. நல்ல வெயில்." மாலைக் குறிப்பு: "பதினொன்றேகாலுக்கு விபத்து. மொபெட் சாலையின் வலப்பக்கமாக வந்தது. எதிரே வந்த கார் மோதியது. தையல்கார அம்மாவுக்கு வலது முழங்கால். நெல்லை அள்ளி, கல்லை எண்ணி அடுக்கியாயிற்று."

இரண்டிலும் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. இரண்டாவதை மட்டும் படிப்பவருக்கு, தவறு அந்த அம்மாவுடையது என்றே தோன்றும். போலீஸிடம் நான் சொன்னதும் அந்த இரண்டாவதைத்தான்.

எங்கள் ஊர் வழியே வலங்கைமானுக்கும் கும்பகோணத்துக்கும் இடையே போகும் தார்ச்சாலை பதினெட்டு அடி அகலம். அறுவடை நாளில் அதன் ஒரு பாதி களமாகிவிடும். நெல்லில் ஈரம் கூடுதலாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். மண்ணில் இரண்டு நாளில் காய்வது தாரில் ஒரே நாளில் காய்ந்துவிடும். நெல்லைச் சுற்றிக் கல் வரிசை வைத்து, மறு பாதியை வண்டிகளுக்கு விடுவது ஊர் வழக்கம். பாதி என்றால் ஒன்பது அடி. அன்று மேகம் திரளும் போலிருந்தது. மெல்லிசாகப் பரப்பினால் சீக்கிரம் காயும் என்று நான் நடுக்கோட்டைத் தாண்டி ஓரடி கூடுதலாகத் தள்ளினேன்.

தையல்கார அம்மா எங்கள் பக்கத்துத் தெரு. மாதா கோயிலுக்கு எதிரே கடை. நான் அலுவலகக் கண்காணிப்பாளராக இருக்கும் பள்ளியின் சீருடையில் பாதிக்கு மேல் அவர் தைத்ததுதான். அன்று நூலும் லைனிங் துணியும் வாங்கக் கும்பகோணம் புறப்பட்டிருந்தார். வடக்கே போகிறவருக்கு இடப்பக்கம் என்பது சாலையின் மேற்குப் பாதி. அதில் என் நெல் கிடந்தது. அவர் கிழக்குப் பாதிக்கு ஒதுங்கி, கல் வரிசையை ஒட்டியே மெதுவாக வந்தார். எதிரே வந்த கார் வேகத்தைக் குறைக்கவில்லை; ஹாரனும் அடிக்கவில்லை. சாலை அங்கே நேர். நெல் கிடப்பது தொலைவிலிருந்தே தெரியும். இன்னும் பத்துத் தப்படி போயிருந்தால் நெல் முடிந்து அவர் தம் பக்கத்துக்குத் திரும்பியிருப்பார். நான் புளியமரத்தடியில் நெல் தள்ளும் பலகையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை ஒரு வேனில் ஏற்றினோம்; துணைக்கு என் மனைவியும் போனாள். வேன் நகர்ந்ததும் எதிர்வீட்டு விவசாயி சத்தம் போட்டார்.

"போலீஸ் வர்றதுக்குள்ள அள்ளுங்கய்யா! சார் மேல கேஸு வந்துரும்!"

நான் யாரையும் கூப்பிடவில்லை. ஏழெட்டுப் பேர் தாங்களாகவே வந்தார்கள். மழை வரும்போது யார் நெல்லாக இருந்தாலும் எல்லோரும் ஓடி வந்து அள்ளுவதைப் போலவே அள்ளினார்கள். அரை மணி நேரத்தில் இருபது மூட்டையும் என் வீட்டு வாசலுக்குப் போய்விட்டன. ஒரு பெண் சாலையைத் துடைப்பத்தால் கூட்டினாள். கற்களை நான்தான் எடுத்தேன். எடுத்து, எண்ணி, மரத்தடியில் அடுக்கினேன்.

போலீஸ்காரர் வந்தபோது சாலை காலியாக இருந்தது. கார் டிரைவர் நெல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் ஏன் திறப்பார்?

"அந்தம்மா எந்தப் பக்கமா வந்தாங்க சார்?"

"வலது பக்கமா."

போலீஸ்காரர் இடத்தைப் பார்த்துப் பார்வை மகஜர் எழுதி, மாதிரி வரைபடமும் போட்டார். அதில் பதினெட்டு அடிச் சாலை, தன் பக்கத்தில் ஒரு கார், எதிர்ப்பக்கத்தில் ஏறிக் கிடக்கும் ஒரு மொபெட். மரம்கூட இருந்தது. நெல் இல்லை.

ஏழு மாதம் கழித்து, ஒரு சட்டைக்குக் காலர் மாற்ற அவர் கடைக்குப் போனேன். முழங்கால் மடங்கவில்லை. மிதிக்கும் மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"கேஸு என்னாச்சும்மா?"

"இன்சூரன்ஸ்காரங்க தப்பு என்மேலங்கிறாங்க சார். ராங் சைடாம். நெல்லு கெடந்துச்சு, அதைச் சுத்தித்தான் போனேன்னு சொன்னா, படத்துல எங்கேம்மா நெல்லுங்கிறாங்க." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எங்க வக்கீலே ஒரு மாதிரியா பாக்குறாங்க. எனக்கே சந்தேகமா இருக்கு சார். நெல்லு கெடந்துச்சுல்ல?"

"கெடந்துச்சு" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். அது யாருடைய நெல் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், அதை நானே சொல்வதற்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான் காலரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை பழைய நாட்குறிப்பை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். காலைக் குறிப்பை அடித்துவிட முடியுமா என்று ஒரு கணம் யோசித்ததையும் இங்கே எழுதத்தான் வேண்டும். மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏங்க, பத்தடின்னு அளந்தெல்லாம் எழுதியிருக்கீங்க. இப்படி எழுதுனதுக்கு வாசல்ல கோலமாப் போட்டிருந்தா அழிஞ்சாவது போயிருக்கும்." அடுப்படிக்குத் திரும்பியவள் நின்று, "வேன்ல என் மடியிலதான் படுத்திருந்துச்சு அந்தம்மா. நெல்லு மேல ஏத்திட்டேனா அக்கா, நெல்லு மேல ஏத்திட்டேனான்னு அதையேதான் கேட்டுச்சு" என்றாள். இதை அதற்கு முன் அவள் என்னிடம் சொன்னதில்லை.

மறுநாளே தையல்கார அம்மாவின் வக்கீலைப் பார்க்கப் போனேன். இளவயதுப் பெண். நாட்குறிப்பை நின்றுகொண்டே படித்தார்.

"சார், இதைக் கோர்ட்ல கொடுத்தா உங்களையும் எதிர்மனுதாரரா சேர்க்கணும்னு அவங்க கேக்கலாம். தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"தெரியும். அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாப் போதுமா?"

"ஒத்தைப் பக்கம்னா நேத்து எழுதினதும்பாங்க. முழு டைரியும் வேணும். இட்லி சாப்பிட்டது, தண்ணி வந்தது, எல்லாம் இருக்கட்டும். அதுங்களுக்கு நடுவுல இருந்தாத்தான் இதை நம்புவாங்க."

செய்தி ஊருக்குத் தெரிந்ததும் எதிர்வீட்டு விவசாயி வந்தார். அன்று முதல் மூட்டையைத் தூக்கியவர் அவர்தான்.

"சார், நீங்க உண்மையைச் சொல்லுங்க, வேணாங்கல. நாளைக்கு ரோட்டுல நெல்லே போடக் கூடாதுன்னு ஆர்டர் போட்டா நாங்க எங்க காயப்போடுறது? உங்க டைரி மேலயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"உங்க நெல்லுன்னு பாக்காமத்தான சார் அள்ளுனோம்" என்றார். யார் யார் அள்ளினார்கள் என்று கோர்ட்டில் கேட்டால் பெயர் சொல்வதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். நல்லவேளை, கேட்கவில்லை.

கும்பகோணம் கோர்ட்டில் என்னைக் குறுக்கு விசாரணை செய்த இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் நாட்குறிப்பை அங்கங்கே புரட்டினார்.

"‘சட்னி புளிப்பு.’ இது நீங்க எழுதினதா?"

"ஆமா."

"‘பேருந்து நான்கு நிமிடம் தாமதம்.’ இதுவும்?"

"ஆமா."

"சட்னி புளிச்சதை விடாம எழுதுற நீங்க, ரோட்டுல பாதிக்கு நெல் கெடந்ததைப் போலீஸ்கிட்ட சொல்ல மறந்துட்டீங்க. அப்படித்தானே?"

"மறக்கலை. சொல்லலை. பாதி இல்லீங்க, பாதிக்கு மேல ஓரடி."

"அப்ப போலீஸ்ல சொன்னது பொய்யா, இங்க சொல்றது பொய்யா?"

"ரெண்டும் பொய் இல்லீங்க. வலது பக்கமா வந்தாங்கன்னு சொன்னேன். ஏன் வந்தாங்கன்னு அவர் கேக்கலை. கேக்கலைங்கிறதால நானும் சொல்லலை. நெல்லு என்னோடது. கல்லை எடுத்ததும் நான்தான்."

சட்னிக்குச் சிரித்தவர்கள் இதற்குச் சிரிக்கவில்லை. பின்வரிசையில், காலை நீட்டி வைத்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தீர்ப்பு வர மேலும் ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. தம் பாதை அடைபட்டிருந்ததால் மனுதாரர் மறுபக்கம் வந்ததைக் கவனக்குறைவு என்று கொள்ள முடியாது, நேரான சாலையில் தடையைத் தூரத்திலிருந்தே பார்த்தும் வேகம் குறைக்காத கார் டிரைவரே பொறுப்பு என்று நீதிபதி எழுதியிருந்தார். என்னை வழக்கில் சேர்க்கவில்லை. சாலையில் நெல் காயவைத்தவரின் பொறுப்பு இந்த வழக்கில் தீர்மானிக்கப்படவில்லை என்று ஒரு வரி இருந்தது. நகலில் அந்த வரியைப் பலமுறை படித்துவிட்டேன். விடுவித்தோம் என்று அதில் இல்லை.

பிறகு ஒரு நாள் கடைக்குப் போனேன். மெஷினுக்கு மோட்டார் வைத்திருந்தார். இடது காலால் லேசாக அழுத்தினால் ஓடுகிறது. என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"கல்லை எண்ணி அடுக்கினேன்னு எழுதியிருக்கீங்களாமே சார். எத்தனை?"

"நாப்பத்தாறு."

"நான் ரோட்டுல கெடந்தப்பவா எண்ணுனீங்க?"

"உங்களை ஏத்தி அனுப்பினப்புறம்."

தலையை ஆட்டினார். ஊசியில் நூலைச் சரிசெய்தார்.

"இந்த வருசம் எங்க காயப்போடுறீங்க?"

"கொல்லையில. படுதா விரிச்சு."

"காயுமா?"

"ஒரு நாள் கூடுதலா ஆகும்."

"ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினை ஓட்டத் தொடங்கினார்.