விளம்பரம் வராத நாடு

அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவது கணவர். கல்யாணமான புதிதில் அப்படி இல்லை. பல் செட் செய்யும் லேபில் பிளாஸ்டர் மாவு குழைத்துக் குழைத்து மனைவியின் விரல்நுனிகள் வெடிக்க ஆரம்பித்தன. ஒரு நாள் சோப்புத் தண்ணீர் பட்டு அவள் பல்லைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தவர், அவளை நகர்த்திவிட்டுத் தான் போய் நின்றார். அன்றிலிருந்து அது அவர் வேலை. லிஃப்ட் மெக்கானிக் என்பதால் பாத்திரங்களையும் இயந்திரத்தைக் கழற்றிப் போட்ட மாதிரி வரிசை பிரித்து வைத்துக்கொண்டுதான் தொடங்குவார். கரண்டிகள் ஒரு பக்கம், மூடிகள் ஒரு பக்கம். அக்கம்பக்கத்துப் பெண்கள் இதைச் சொல்லித் தங்கள் வீட்டுக்காரர்களைக் குத்திக்காட்டுவதுண்டு. அந்த வீட்டுக்காரர்களுக்கு இவரைக் கண்டால் ஆகாது.

அவளைத் தெருவில் பல்லக்கா என்பார்கள். லேபுக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர் வைத்த பெயர் அது, ஒட்டிக்கொண்டுவிட்டது. லேப் அவளுடைய அக்கா கணவருடையது. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் மாவு ஊற்றி, உறைந்ததும் எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, கடிக்கிற அளவு பார்த்து செட்டாக்கிக் கொடுப்பது இங்கே. பல் அடுக்குவதில் அவளுக்கு இணை அங்கே யாரும் இல்லை என்று அத்தானே வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சம்பளப் பேச்சு வரும்போது மட்டும் சொல்ல மாட்டார்.

இந்த வேலையில் கைக்கு ஓய்வில்லை, காதுக்கு வேலையில்லை. அதனால் எதிரே போனைச் சாய்த்து வைத்து வீடியோ ஓடவிடுவாள். வீட்டுக் கதைகள், வழக்குக் கதைகள், யாரோ ஒரு பெண் தனியாக வண்டியோட்டி மலை ஏறுவது, எதுவானாலும் சரி. தொல்லை விளம்பரம்தான். மற்றவர்களுக்கு அது ஒரு தட்டில் போய்விடும். பல்லக்காவின் இரண்டு கையும் மாவில் இருக்கும். தட்ட முடியாது. கடன் தருகிறோம் என்று ஒருவன் கத்துவதையும், முடி வளரும் என்று ஒருத்தி கொஞ்சுவதையும் முழுசாகக் கேட்டே ஆகவேண்டும். ஒரு முறை மூக்கால் தள்ளிப் பார்த்தாள். போன் முழுக்க மாவானதுதான் மிச்சம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறொன்று. மாதவிலக்கு தாறுமாறாக வர ஆரம்பித்த சமயம் அது. இந்த வயதில் இது எல்லோருக்கும் வருவதுதானா என்று ஒரு பிற்பகல் போனில் தேடிப் படித்தாள். மறுநாளே லேபில், அத்தானும் மாவு மூட்டை இறக்க வந்தவரும் நிற்கும்போது, போன் அதைப் பற்றியே உரக்கப் பேச ஆரம்பித்துவிட்டது. நாற்பதைத் தாண்டிய பெண்களே என்று தொடங்கி, இன்னின்ன அவஸ்தையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. கை மாவில். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு மூட்டையை எண்ணப் போனார். இருந்தது ஒரே மூட்டை.

அன்று மாலை கணவரிடம் சொல்லும்போது அழுகையே வந்துவிட்டது. “யாரோ பின்னாடியே நின்னு எட்டிப் பாக்கற மாதிரி இருக்குங்க.” அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். வி.பி.என் என்று ஒன்று இருக்கிறது, நாம் வேறொரு நாட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி காட்டும் என்றார். எந்த நாடு என்று நாம் சொல்லலாம். வீடியோக்காரன் அந்த நாட்டுக்கு உண்டான விளம்பரத்தைத்தான் போடுவான். விளம்பரமே விற்காத நாடாகப் பார்த்துப் பிடித்தால் நிம்மதி.

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் அதுதான் விளையாட்டு. பாத்திரம் முடிந்ததும் இருவரும் கட்டிலில் சாய்ந்துகொண்டு நாடு நாடாகப் போய்ப் பார்ப்பார்கள். குளிர்நாடு ஒன்றில் பனியில் வழுக்காத டயருக்கு விளம்பரம் வந்தது. பாஷை புரியாததால் அவளுக்கு அது பிடித்தும்போயிற்று. பணக்கார நாடுகளில் விளம்பரம் இரட்டிப்பு. ரொம்பத் தூரத்தில் இருக்கும் நாட்டில் வீடியோ நகராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் வரைபடத்தில் கடுகளவு இருக்கும் ஒரு நாடு அகப்பட்டது. எத்தனை வீடியோ மாற்றினாலும் ஒரு விளம்பரம் இல்லை.

“ஏங்க, அங்க யாருமே எதையும் வாங்க மாட்டாங்களா?”

“வாங்குவாங்க. இவன் போய் விக்கற அளவுக்கு ஆள் இல்ல, அவ்வளவுதான்.”

“அப்ப நம்ம ரெண்டு பேரும் அங்கயே போயிரலாம்.”

“போ. லிஃப்ட் இருக்கானு கேட்டுட்டுப் போ.”

ஆனால் அவருக்கு ஓசிச் செயலிகள் மேல் நம்பிக்கையில்லை. ஓசியில் கொடுக்கிறவன் எதை வைத்துப் பிழைக்கிறான், நீ எதைப் பார்த்தாய் என்பதைத்தானே விற்கிறான் என்றார். சொன்னது சரிதான். வேலையிடத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக் கேட்டு, அந்தக் கடுகு நாட்டிலேயே ஒரு சர்வரை மாத வாடகைக்குப் பிடித்தார். நமக்கென்று சொந்தமாக ஒரு வழி, நம் இருவரைத் தவிர வேறு ஆள் கிடையாது என்று அவள் போனில் போட்டுக் கொடுத்தார். பேங்க் வேலைக்கு மட்டும் அதை அணைத்துவிட வேண்டும், வெளிநாட்டிலிருந்து வருகிறாய் என்று பேங்க் பயந்துகொள்ளும் என்று சொல்லியும் கொடுத்தார். “இனிமே நீ என்ன பாத்தாலும் வெளியில ஒருத்தனுக்கும் தெரியாது. தைரியமா பாரு.”

பல்லக்கா தைரியமாகப் பார்த்தாள். பெண்களுக்கான ஒரு மருத்துவத் தளத்தில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். கைக்கு நல்ல உறை கிடைக்குமா என்று கடைக்காரர்களின் தளங்களைப் புரட்டினாள். அந்த நாட்களில்தான் கணவர் இன்னும் பதவிசானார். கேட்காமலே ஒரு மேசை விசிறி வாங்கி அவள் பக்கம் திருப்பி வைத்தார். திடீரென்று உடம்பு கொதிக்கும் நேரத்தில் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அவளுக்குத்தான் தெரியும். ஒரு வாரம் கழித்து மெல்லிய கையுறை ஒரு பெட்டி வந்தது. அக்காவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள். வாயைத் திறக்காமலே புரிந்துகொள்கிற மனிதர் என்று. அக்கா பெருமூச்சு விட்டு, “உங்க அத்தானுக்கு வாயைத் தொறந்து கத்தினாலும் புரியாதுடி” என்றாள்.

இந்த தைரியத்தில்தான் அவள் மனதில் இருந்த ஒன்று வெளியே வந்தது. வேறொரு நகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி. அங்கே ஆறு மாதப் பயிற்சி. கம்ப்யூட்டர் திரையில் பல்லை வரைந்து இயந்திரத்தில் வெட்டியெடுக்கும் முறை. மாவும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். அனுபவமுள்ளவர்களாகப் பார்த்துச் சிலரைத்தான் எடுப்பார்கள், தங்குவதற்குப் பெண்கள் விடுதி. அந்த வேலையை வீடியோவில் பார்த்துப் பார்த்து, திரையில் கடைவாய்ப் பல்லைத் திருப்பும் விதம் அவளுக்குக் கனவிலேயே வர ஆரம்பித்திருந்தது. விரல்கள் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்ற கணக்கும் உள்ளே ஓடியது.

யாரிடமும் சொல்லவில்லை. காரணம் இருந்தது. முன்பு ஒரு பெரிய மருத்துவமனையில் வேலைக்குக் கூப்பிட்டபோது வீட்டில் சொன்னாள். அக்கா, அத்தான், கணவர் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து அவள் நன்மைக்காகவே பேசினார்கள். டீ இரண்டு சுற்று வந்தது. ஒருவரும் போகாதே என்று சொல்லவில்லை. எழுந்தபோது போகிற எண்ணம் அவளிடமே இல்லை. இந்த முறை இடம் கிடைத்து உறுதியான பிறகு சொல்லிக்கொள்ளலாம், அப்போது பேச ஒன்றும் இருக்காது என்று முடிவு செய்திருந்தாள்.

கல்லூரித் தளத்தைத் திறக்குமுன் அந்தக் கடுகு நாடு ஓடுகிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்வாள். விண்ணப்பம் போட்டாள். போனில் கேள்வி கேட்டார்கள். லேபின் மாடிப்படியில் நின்று பதில் சொன்னாள். தேர்வாகிவிட்டது, கடிதம் வரும் என்றார்கள். விடுதித் தளத்தையும் பஸ் நேரத்தையும் பார்த்து வைத்தாள்.

கடிதம் வரவில்லை. அவளே கூப்பிட்டுக் கேட்டாள். எதிர்முனைப் பெண் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். நீங்கள் வேலை செய்யும் லேபிலிருந்தே பேசினார்கள், இந்த வருஷம் உங்களை அனுப்ப வசதிப்படாதாம், அதனால் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோம், உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தோம்.

அத்தானிடம் போய் நின்றாள். அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியமாக அவருக்கு அது தோன்றவேயில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. சீசன் நேரத்துல நீ கிளம்பிட்டா நான் எங்க போவேன். நல்லவேளை, சகலை வந்து காதுல போட்டாரு. அந்த மெஷினை நாமளே ஒண்ணு வாங்கிருவோம், ரெண்டு வருஷம் போகட்டும்.”

சகலை என்றால் அவள் கணவர்.

மிச்ச நாள் முழுவதும் பல் அடுக்கினாள். ஒரு வரிசையைக்கூடப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டியிருக்கவில்லை. கை தன்பாட்டுக்குச் செய்தது. மனசுதான் ஒவ்வொரு இடமாகத் தேடிக்கொண்டிருந்தது. போனுக்குப் பூட்டு உண்டு. மெயிலை வீட்டில் திறந்ததே இல்லை. அக்காவுக்குத் தெரியாது. யார் சொல்லியிருக்க முடியும்?

வீட்டுக்குப் போனபோது அவர் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டாள். அவர் குழாயை மூடினார். நடுவில் ஒரு நாள் வேகம் குறைந்ததாம். அவள் பார்ப்பதெல்லாம் அந்தச் சர்வர் வழியாகத்தான் போகிறது என்பதால், ஏன் என்று பார்க்க அதைத் திறந்தாராம். என்ன படித்தாய் என்பதெல்லாம் அதில் வராது, எந்தத் தளத்துக்குப் போனாய் என்ற பெயர் மட்டும்தான் வரும் என்று, அது ஒரு பெரிய சலுகை போல விளக்கினார். கல்லூரிப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு விடுதி. பிறகு பஸ்.

“ஒருத்தருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்களே.”

“வெளியாளுக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன்.”

அவளுக்கு அப்போதுதான் மற்றது உறைத்தது.

“அந்த டாக்டர் தளம்? கையுறைக் கடை?”

அவர் கரண்டிகளைப் பார்த்தார். விசிறி அவள் கண்ணில் படுகிற இடத்திலேயே இருந்தது. கல்லூரி போனதுகூட ஒரு கணக்கில் தாங்கிக்கொள்ளக் கூடியதாக இருந்தது. அடுத்த வருஷம் என்று ஒன்று உண்டு. சொல்லாமலே புரிந்துகொண்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. விளம்பரக்காரன் எட்டிப் பார்க்கிறான் என்று இவரிடம்தான் போய் அழுதாள்.

அன்றே போனிலிருந்து அந்த வி.பி.என்னை எடுத்துப்போட்டாள். கடன்காரனும் முடிக்காரியும் மறுபடி லேபுக்கு வந்து சேர்ந்தார்கள். வீட்டில் சண்டையில்லை. சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், கேஸ் தீர்ந்துவிட்டது, வாடகை கொடுத்தாயிற்று என்கிற மாதிரி பேச்சுகள் ஓடின. அக்கா ஒருநாள் வந்து, அவர் வேறென்ன தப்புடி பண்ணிட்டார், நீ போயிடுவியோன்னு பயந்திருக்கார், அவ்வளவுதானே என்றாள். பல்லக்கா டீயை அவள் பக்கம் நகர்த்தினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. லேபில் வேலை மிஞ்சியிருந்ததால் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து மெழுகில் பல் வைத்துக்கொண்டிருந்தாள். போன் எதிரே கத்திக்கொண்டிருந்தது. அவர் வந்து கதவோரம் நின்றார். சர்வரை எடுத்துவிட்டதாகச் சொன்னார். பதிலுக்கு ஒரு வி.பி.என் கம்பெனியில் காசு கட்டியிருக்கிறார், யார் எங்கே போனார்கள் என்று எதையும் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று எழுதியே கொடுக்கிறார்களாம், ஐம்பது நாடு இருக்கிறதாம், வேண்டியதை நீயே போட்டுக்கொள், பாஸ்வேர்டுகூட எனக்கு வேண்டாம் என்றார்.

அவள் கையில் இருந்த பல்லை வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அத்தான் கேட்டாரா, நீங்களா போய்ச் சொன்னீங்களா?”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு வசதியான கேள்விதான் அது.

“நானாத்தான் சொன்னேன்.”

அவள் மறுபடி குனிந்தாள். சூடு பண்ணிய கத்தியால் மெழுகின் ஓரத்தை இழைத்தாள். அடுத்த பல்லைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் நிறம் பார்த்தாள். போனில் ஒருவன் உடனடிக் கடன், உடனடிக் கடன் என்று கூவினான்.

“போயிருந்தா,” என்றார் அவர், “திரும்பி வந்திருப்பியா?”

மெழுகு ஆறிக்கொண்டிருந்தது. அவள் பல்லை வைத்தாள், லேசாகச் சாய்த்தாள், கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் அந்தக் கை எடுக்கப்படும் வரை நின்று பார்த்தார். எடுத்த கை அடுத்த பல்லுக்குப் போனது. விளம்பரம் முடிந்து வீடியோ தொடங்கியது. அவர் கதவைச் சாத்தாமல் வெளியே போனார்.