டேப்பின் கடைசிப் பதினொரு நொடி

நாலு நிமிடம் ஒரு மனிதர் பேசியதை நான் அழித்துவிட்டேன். அவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் குரல் வேறெங்கும் பதிவாகியிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதெல்லாம் என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி.

நல்லூரில் ஒரு தையல் யூனிட்டின் மாடியில் என் எடிட்டிங் கடை. கீழே தைத்த துணிகளைச் செக்கிங் பார்க்கும் அக்கா ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பழைய டேப் கேமராவோடு மேலே வந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். கணவர் நிட்டிங் மிஷின் ஆபரேட்டராக இருந்து மாரடைப்பில் போனவர். அவர் ஆசையாக வாங்கிய கேமரா அது, உள்ளே இருந்தது அவர் எடுத்த ஒரே டேப். மகளின் பிறந்தநாள், அணைக்குப் போனது, கடைசியாக அவள் சர்ச்சில் முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை என்று ஐம்பது நிமிடம். மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். வருகிறவர்களுக்குக் காட்ட, வரிசைப்படுத்தி, பெயர் போட்டு, திரும்ப டேப்பிலேயே ஏற்றித் தர வேண்டும் என்றார்.

பென் டிரைவில் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

“அவுக இந்தக் கேமராவத்தான் டிவில மாட்டிக் காட்டுவாக. அப்படியே இருக்கட்டும்.”

எனக்கு உள்ளுக்குள் பெருமை. இந்தக் காலத்தில் டேப்பில் திரும்ப ஏற்றத் தெரிந்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான் என்று ஒரு நினைப்பு. பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, முழு டேப்பையும் அதில் இறக்கினேன். பழுதில்லாமல் இறங்கியது. பிறகு கத்தரியைப் போட்டேன். ஆடிய இடங்கள், இருட்டான இடங்கள் எல்லாம் போயின. கடைசியில் கேமராவை நிறுத்த மறந்து தொங்கப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். நாலு நிமிடம் வெறும் தரை, செருப்புக் கால், யாரோ பேசுகிற சத்தம். சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்த்தேன். ஒரே வெட்டு. வெட்டிய இடங்களை மகளின் ஃபோட்டோக்களும் பாட்டும் போட்டு நிரப்பினேன். முடிவில் மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் கறுப்புத் திரை.

புது டேப் எங்கேயும் கிடைக்கவில்லை. அதே டேப்பில் ஏற்றுவது என்று முடிவு. ஏற்றுவதற்கு முன்னால் கேமராவின் தலையைத் துடைத்துவிடலாம் என்று தோன்றியது. டேப்பைத் தொட்டுப் பதிகிற சின்ன உருளைக்கு அப்படிப் பெயர். எங்கள் ஊரில் எதைத் துடைப்பதற்கும் பனியன் வேஸ்ட்தான், தைக்க வெட்டியதில் மிஞ்சுகிற துண்டுத்துணி. வண்டியா, கண்ணாடியா, சாமி படமா, கை தானாகக் கட்டிங் துணி மூட்டைக்குப் போகும். கீழே இருந்து ஒரு துண்டு எடுத்துவந்து துடைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

ஏற்றினேன். பத்து நிமிடம் ஓடியபின் நிறுத்திப் போட்டுப் பார்த்தால், படம் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தது. கேபிளை மாற்றினேன். கம்ப்யூட்டரில் கேமராவைச் செருகும் கார்டைக் கழற்றி மாட்டினேன். சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டேன். டேப்பின் முதல் பத்து நிமிடத்துக்கு மேல் மூன்று தடவை எழுதியாயிற்று, படம் அதே கட்டம்தான். அப்போதுதான் ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்ற எச்சரிக்கை கண்ணில் பட்டது. அகப்பட்டான் திருடன் என்று நினைத்தேன். டேப்பிலிருந்து இறக்கிய மூலத்தை அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். முடித்த படம்தான் கையில் இருக்கிறதே. அதற்குப் புதிதாக ஒரு பிரதி எடுத்து, காலியான இடத்தில் வைத்தேன்.

மறுபடியும் கட்டம். எரிச்சலில் கேமராக் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். தலையில் வெளிர்நீல நூல்பிசிறு ஒன்று ஒட்டியிருந்தது. கீழே அந்த வாரம் வெளிர்நீலத்தில்தான் டிஷர்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் தொட்டு, தோல் சுற்றிய குச்சியால் துடைத்ததும் படம் முழுவதும் கண்ணாடி மாதிரி ஏறியது. டிஸ்க்கில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே டீ சொன்னேன்.

மறுநாள் மதியம் அக்கா வந்து உட்கார்ந்தார். ஓட்டினேன். திரையில் மகளின் பெயர் மின்னியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டு முடிந்து கறுப்புத் திரை வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“அந்தத் தரை வருமே தம்பி, அது எங்க?”

“எந்தத் தரைங்க்கா?”

“கோயில்லேருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வருவோம்லா. அவுக குரல் அதுல மட்டுந்தான் இருக்கு. மத்ததுல எல்லாம் பேசாம எடுத்துருப்பாக.”

குப்பைத்தொட்டியைத் திறந்தேன், காலி என்று எனக்குத் தெரியாதா? அழித்த இடத்தின் மேல் நானே புதுப் படத்தை எழுதியிருந்தேன். டேப்பின் மேலும் நானே எழுதியிருந்தேன். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியவன் நான்.

“அழிச்சுப்போட்டனுங்க்கா,” என்றேன்.

அவர் திட்டவில்லை. அதில் கணவர் என்ன பேசுவார் என்று மெதுவாகச் சொன்னார். பஸ் கூட்டமாக வருமா, குடையை எடுத்தாயா, பிள்ளைக்குப் பசிக்குமே, இவ்வளவுதான். வருடா வருடம் அவர் இறந்த நாளில் அம்மாவும் மகளும் அதை மட்டும் போட்டுக் கேட்பார்களாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டேப்பை நிறுத்த எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. கறுப்பு முடிந்தது. திரை ஒரு கணம் நீலமானது. திடீரென்று தரை வந்தது. வெயில், செருப்புக் கால்கள், ஒரு சின்ன வெள்ளை கவுனின் ஓரம். என் படம் பழையதைவிடக் கொஞ்சம் நீளம் குறைவு. அந்தக் குறைவில் பழைய டேப்பின் வால் தப்பியிருந்தது. பஸ் ஹாரன் கேட்டது. அப்புறம் ஓர் ஆண்குரல், மிக அருகில், சிரிப்போடு:

“ஏட்டி, இது ஓடிக்கிட்டுல்லா இருக்கு!”

அதோடு நின்றது. பதினொரு நொடி. அக்கா எழுந்துவந்து தானே டேப்பை வெளியே எடுத்தார். அதன் முதுகில் மேலே எழுதவிடாமல் பூட்டுகிற சின்னத் தாழ்ப்பாள் உண்டு. முதல் நாளே நான் தள்ளியிருக்க வேண்டியது. அதை நகத்தால் தள்ளினார்.

“இனிமே இதுல யாரும் கை வைக்க வேண்டாம்.”

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தார். போகாமல் இருக்க முடியவில்லை. கூட்டம் படத்தைப் பார்த்து ரசித்தது, பாட்டுக்குக் கைதட்டியது. கறுப்புத் திரை வந்ததும் படம் முடிந்தது என்று எல்லோரும் பந்திக்கு எழுந்துபோனார்கள். அம்மாவும் மகளும் மட்டும் எழவில்லை. நான் மரியாதைக்காகப் போட்ட அந்த ஒரு நிமிட இருட்டைப் பார்த்தபடி, டிவியின் சத்தத்தை முழுதாக ஏற்றிவைத்துக் காத்திருந்தார்கள்.